பேரேட்டின் இரண்டாம் படி

வங்கி என்பது யாது? கட்டடத்தையும் இரும்புக் கதவையும் கண்டு அதுவே வங்கி என நாம் எண்ணிவிடுகிறோம். மக்கள் வைப்பிலிட்ட பணத்தில் மிகச் சிறு பகுதியே அக்கட்டடத்துள் இருக்கின்றது. மற்றது கடனாகவும் முதலீடாகவும் எங்கெங்கோ சென்றுவிடுகின்றது. இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தல் வேண்டும், இன்னாரிடமிருந்து இவ்வளவு வருதல் வேண்டும் என்று எழுதிவைத்த பேரேடு ஒன்றே எஞ்சி நிற்பது. அப் பேரேடு அழிந்த மறுநாள், கதவும் பூட்டும் காவலாளியும் நிலைத்திருப்பினும், வங்கி இல்லை. வைப்பாளனுக்கும் அவனது உழைப்புக்கும் இடையேயிருந்த தொடர்பு அறுந்துபோகின்றது.

இன்று அப் பேரேடு தாளில் எழுதப்படுவதில்லை. மானிப்பாயிலுள்ள வங்கிக் கிளையொன்றில் ஒரு மூதாட்டி இரண்டாயிரம் ரூபாவை வைப்பிலிட்டால், அக்கணமே தலைநகர்ப் பக்கத்தில், குளிரூட்டிய அறையொன்றிலுள்ள கணினியில் அந்த வரவு பதிவாகின்றது. கிளையிலிருப்பது திரையும் விசைப்பலகையும் மாத்திரமே. ஆகவே, அந்த அறை எரிந்தால் என்ன ஆகும், அந்தக் கணினிக்குள் திருடன் புகுந்து பதிவுகளை அழித்தால் என்ன ஆகும் என்னும் வினா, பொறியியலாளருக்கு மட்டும் உரிய வினா அன்று. இரண்டாயிரம் ரூபாவைச் சேர்க்க இரண்டு மாதம் முட்டை விற்ற மூதாட்டிக்கும் உரிய வினா அது.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்டலாம்: ஏடு. பேரேடு, நாளேடு என்று கணக்கியல் இன்றும் வழங்கும் சொற்களில் உள்ள ஏடு, பனையோலை ஏடே. ஓலை ஈரத்துக்கும் செல்லுக்கும் இரையாவது. சில தலைமுறைக்கு ஒருமுறை பெயர்த்தெழுதாவிடின் நூல் மாண்டுபோகும். சங்க இலக்கியம் நம் கைக்கு வந்தமைக்குக் காரணம் புலவர்களின் புலமை மட்டுமா? பெயர் தெரியாத ஏடெழுதுவோர் பலர், கூலிக்கும் கடமைக்குமாகப் படிமேற் படி எடுத்துவந்தமையே காரணம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது அவர் கையில் இருந்தவை தொட்டாற் பொடியாகும் சுவடிகள். அவரது பதிப்புரைகளிலே தெறிக்கும் பதற்றம், இன்னும் ஒரு தலைமுறை தாமதித்தால் எல்லாம் போய்விடும் என்னும் பதற்றமாகும். எங்கள் மானிப்பாய்க்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1834 முதல் அமெரிக்க மிஷன் அச்சகம் இவ்வூரில் இயங்கியது. 1842இல் வெளிவந்த தமிழ் அகராதி, மானிப்பாய் அகராதி என்றே இன்றும் அழைக்கப்படுகின்றது. அச்சு என்பதும் ஒருவகையில் படியெடுக்கும் கலையே.

படி எடாமையின் விலையை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவுக்கும் யூன் முதலாந் திகதி விடியலுக்கும் இடையே பொதுசன நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் அச்சுநூல்கள் பலவற்றை மீண்டும் வாங்க முடிந்தது. ஒரே படியாயிருந்த கையெழுத்துச் சுவடிகளை உலகத்துப் பணம் முழுவதையும் கொட்டினாலும் வாங்க முடியாது. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு படி மட்டும் இருப்பின், அது இருக்கின்றது என்று சொல்வதே ஓரளவு துணிச்சல்தான்.

இனி வங்கிக்கு வருவோம். பேரேட்டின் நகலைக் காப்பதற்கெனவே செய்யப்பட்ட பொறிகள் உள்ளன. பார்வைக்கு அலுமாரித் தட்டிற் செருகிய தட்டையான இரும்புப் பெட்டிகள் போன்றிருக்கும். சேமிப்புத் தட்டுகள், கணிக்கும் பகுதி, நகலெடுக்கும் மென்பொருள் யாவும் ஓர் உறைக்குள் அடங்கும். நகலெடுத்து வைத்தலும் கேட்டபோது திருப்பிக் கொடுத்தலும் அன்றி அதற்கு வேறு பணி இல்லை. தொழிலிலுள்ளோர் பாக்கப் அப்ளையன்ஸ் என்பர். நாம் காப்புநகற் பெட்டகம் என்போம். டேற்றா டொமெயின், ரூப்ரிக், கோஹெசிற்றி என்னும் பெயர்களில் அமெரிக்கக் கொம்பனிகள் இவற்றை விற்கின்றன. விலையோ சிறு நிறுவனங்களுக்கு எட்டாதது. அது பற்றிப் பின்னர் பேசுவோம்.

அப்பெட்டகம் செய்யும் வேலைகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வங்கியொன்றின் நேற்றைய பேரேட்டுக்கும் இன்றைய பேரேட்டுக்கும் உள்ள வேறுபாடு சொற்பமே. இலட்சம் கணக்குகளுட் பெரும்பாலானவற்றில் அன்று ஒரு கொடுக்கல்வாங்கலும் நிகழ்ந்திராது. நாள்தோறும் முழுவதையும் நகலெடுத்தால் மலைபோல் குவியும். ஆதலின் பெட்டகம் தரவைத் துண்டுதுண்டாக வெட்டுகின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஓர் அடையாள எண்ணைக் கணிக்கின்றது. அத்துண்டு முன்னரே தன்னிடம் இருப்பின், மறுபடி எழுதாமற் பழைய துண்டைச் சுட்டிவிட்டு மேலே செல்கின்றது. சங்கக்கடைக் கணக்குப்பிள்ளை ஒரே பொருளின் பெயரை வரிக்கு வரி எழுதாமல் ‘மேற்படி’ என்று போட்டுக்கொண்டு போனாரே, அதே உபாயம்! பெருவிலை பெறும் பொறிக்குள்ளே நம்மூர்க் கணக்குப்பிள்ளையின் பேனா ஒளிந்திருப்பதைக் கண்டால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

மற்ற வேலைகள் சிரிப்பதற்குரியன அல்ல. எழுதிய நகலை, குறித்த காலம் கடக்கும்வரை எவரும், பெட்டகத்தை நிருவகிப்பவரே ஆயினும், அழிக்கவும் திருத்தவும் இயலாதவாறு பூட்டிவைத்தல். தூரத்திலே வேறோர் ஊரிலுள்ள இரண்டாம் பெட்டகத்துக்கு அதே நகலை அனுப்புதல். ஒரு படியையேனும் வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்தல் என்பன அவை. பீற்றர் குரோக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் தம் படங்களைக் காப்பதற்குப் பரப்பிய எளிய விதியொன்று இன்று இத்துறை முழுவதிலும் வழங்குகின்றது: படிகள் மூன்று இருக்கட்டும், அவை இருவகைப் பொருள்களில் இருக்கட்டும், ஒன்றாவது வேற்றிடத்தில் இருக்கட்டும். வங்கிக்காரர் இத்துடன் இரு வினாக்களையும் சேர்த்துக்கொள்வர். அழிவு நேர்ந்தால் எத்தனை நிமிடத்துப் பதிவுகளை இழக்கச் சம்மதம்? எத்தனை மணி நேரத்துள் மீண்டு எழவேண்டும்? ஓய்வூதிய நாளின் காலையிலே வங்கி வாசலில் வரிசையில் நிற்கும் முதியோரைக் கண்டவர்களுக்கு இரண்டாம் வினாவின் பொருள் விளங்கும்.

பூட்டு எதற்கு என்று கேட்கலாம். நகல் இருந்தாற் போதாதா? போதாது என்பதைத் தென்கொரியாவின் நொங்ஹியொப் கூட்டுறவு வங்கி 2011 ஏப்பிரல் 12ஆம் திகதி அறிந்தது. நொங்ஹியொப் என்பது உழவர்களின் கூட்டுறவு இயக்கம். அதன் வங்கிப் பிரிவுக்கு ஏறத்தாழ மூன்று கோடி வாடிக்கையாளர் இருந்தனர். அன்று மாலை, அதன் 587 வழங்கிக் கணினிகளுள் 273 அழிவுற்றன. ஒப்பந்தக் கொம்பனி ஊழியர் ஒருவரின் மடிக்கணினியிலிருந்து அழிவாணை புறப்பட்டது. அம் மடிக்கணினிக்குள் பல மாதங்களுக்கு முன்னரே தீநிரல் புகுத்தப்பட்டிருந்ததாகவும், வடகொரியாவே இதைச் செய்வித்ததாகவும் தென்கொரிய அரச வழக்குத்தொடுநர்கள் கூறினர், வடகொரியா மறுத்தது. எவர் செய்தார் என்பது இங்கு நமக்கு வேண்டியதன்று. அழிந்தவற்றுட் காப்புநகல் வைத்திருந்த கணினிகளும் அடங்கும் என்பதே வேண்டியது. அவையும் அதே வலையில், அதே திறவுகோலுக்குத் திறக்கும் அறைகளாக இருந்தன. காசு இயந்திரங்களும் கடனட்டைகளும் நாட்கணக்கில் முடங்கின. முதலில் நகலைத் தேடி அழித்துவிட்டு, பின்னரே மூலத்தில் கைவைத்துக் கப்பம் கேட்பது இன்று இத்தகைய திருடரின் வழக்கமாகிவிட்டது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் நடந்தது. அது வங்கியில் நிகழவில்லை என்பது ஓர் ஆறுதல். 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினித் தொகுதியைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. அக்காலப்பகுதிக்குக் காப்புநகல் இருக்கவில்லை. பழைய மென்பொருளை மாற்றும் திட்டம் 2021 முதலே இருந்ததாயினும் பணமின்மையாலும் நிருவாக முடிவுகளாலும் தாமதித்தது என்று விளக்கம் கூறப்பட்டது. வறிய நாட்டின் கதை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. 2025 செப்ரெம்பர் 26இல் தென்கொரியாவின் டெஜோன் நகரிலே அரச தரவு நிலையத்தில் மின்கலத்தொகுதி தீப்பற்றியபோது, அரச ஊழியர்கள் தம் கோப்புகளை இட்டுவைத்த சேமிப்பகம் முழுவதும் எரிந்தது. 858 ரெராபைற்று. அளவிற் பெரிதாயிருந்தமையால் அதற்கு வெளிநகல் எடுக்கவில்லையாம்.

இத்துணையும் பொறிகளைப் பற்றியது. என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது பொறி அன்று. என் தாயாரின் வங்கிப் புத்தகம்.

சென்ற ஆண்டு அவரது வங்கிப் புத்தகத்தின் பக்கங்கள் முடிந்தன. புதிய புத்தகம் பெற வங்கிக்குச் சென்றோம். வங்கியின் பெயர் இங்கு வேண்டாம். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையாகவே சொன்னார்: “இப்ப புத்தகம் குடுக்கிறேல்லை அம்மா. போனிலை அப் போட்டுத் தாறன், எந்த நேரமும் பாக்கலாம்.” என் தாயாருக்கு அறுபத்தெட்டு வயது. வீடு வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தவர், படலையைத் திறக்கும்போது, “கையிலை ஒண்டும் இல்லாமல் வந்திட்டன் பிள்ளை” என்றார். முதுமையின் பிடிவாதம் என்று அதைக் கடந்துசெல்ல என்னால் இயலவில்லை. ஏனெனில் 1995ஆம் ஆண்டு எனக்கு நினைவிருக்கின்றது.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை வலிகாமம் முழுவதும் வெளியேறிற்று. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். எனக்கு அப்பொழுது ஏழு வயது. தகப்பனாரின் சைக்கிள் கைபிடியில் தொங்கிய சொப்பிங் பையில், மழை புகாதபடி இரு தடவை மடித்துக் கட்டியிருந்தவை நான்கு: பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, தாயாரின் கலியாணப் படம், வங்கிப் புத்தகம். அரிசியைக்கூட வழியில் ஒருமுறை இறக்கிவைத்தோம். அந்தப் பையை இறக்கவில்லை.

என் குஞ்சியப்பா அக்காலத்தில் வங்கி இலிகிதராக இருந்தவர். அண்மையில், கட்டுரைக்காக அல்ல, தாயாரின் புத்தகக் கதையைச் சொல்லி ஆறுவதற்காக அவரிடம் சென்றேன். அவர் சிரித்தார். “நாங்கள் பேரேடு ஏத்த லொறி கிடைக்குமோ எண்டு ஓடித்திரிஞ்சம் பிள்ளை. சனம் அதுக்கு முன்னமே பேரேட்டைக் கொண்டு போட்டுது” என்றார். எனக்கு விளங்கவில்லை. பின்பு விளக்கினார். தென்மராட்சியில் மரத்தடியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒதுங்கியவர்கள் பணம் எடுக்க வந்தபோது, ஏடுகளிற் சில வந்து சேர்ந்திருக்கவில்லை. வந்தவற்றிற் சில நனைந்திருந்தன. மக்கள் மடியிலிருந்து எடுத்து நீட்டிய புத்தகங்களின் கடைசி வரியைப் பார்த்துப் பார்த்தே பல கணக்குகளை மீண்டும் எழுதினார்களாம்.

இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அன்று வங்கியின் பேரேட்டுக்கு ஆயிரமாயிரம் காப்புநகல்கள் இருந்தன. ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொருவர் மடியில் இருந்தது. அவை வெவ்வேறு இடங்களில் இருந்தன. எந்த வலையிலும் இணைக்கப்படவில்லை. வங்கியின் முத்திரையும் இலிகிதரின் ஒப்பமும் இருந்தமையால் எளிதில் திருத்தவும் முடியாதவை. பன்னாட்டுக் கொம்பனிகள் இன்று பெருவிலைக்கு விற்கும் பண்புகள் யாவும் அந்தச் சிறு புத்தகத்தில் இருந்தன. விரைவு ஒன்றுதான் இல்லை. அப் புத்தகத்தை ஒழித்துவிட்டு, வங்கி தன்னிடம் மூன்று படிகளை வைத்துக்கொள்ளும்போது, படிகளின் தொகை கூடியதாகத் தோன்றும். வைப்பாளன் கையிலிருந்த படியோ பூச்சியமாகிவிட்டது. கைத்தொலைபேசியில் தெரிவது படி அன்று; வங்கியின் கணினி அந்தக் கணத்தில் சொல்லும் வாக்கு. கணினி வாய்மூடினால் தொலைபேசியும் வாய்மூடும்.

தாளை ஏளனஞ் செய்வோர் 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். கொள்ளையர் 8 கோடி 10 இலட்சம் டொலரைக் கடத்தியபோது, கட்டளைகளைத் தாளில் அச்சிடும் பொறியையும் மறவாது முடக்கிவைத்தனர். அவர்களுக்குத் தாளின் அருமை தெரிந்திருந்தது! இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலரோ பெறுநர் பெயரில் விழுந்த எழுத்துப்பிழையாற் பிடிபட்டது. எழுத்துப்பிழைக்காக மாணவரைக் கடிந்துகொள்ளும் எம்போன்றோர் இக் கதையை வகுப்பிற் கூறி மகிழலாம்.

கையிலிருக்கும் படி மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. மறுபுறக் கதையும் இம்மண்ணிலேயே உண்டு. 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்திலே வன்னி மக்கள் பலர் நகைகளை அடகுவைத்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபோது அந் நகைகள் இராணுவத்தின் கைக்குச் சென்றன. 2025 மே மாதத்தில், அவ்வாறு மீட்கப்பட்ட தங்க நகைகளில் ஒரு தொகுதி பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டது. உரியவர்களுக்கு வழங்குவதே நோக்கம் எனப்பட்டது. பதினாறு ஆண்டுகள். முள்ளிவாய்க்காலைக் கடந்துவந்தும் பற்றுச்சீட்டைக் காப்பாற்றி வைத்திருப்போர் உளர். சீட்டை இழந்தோர் அவரினும் பலர். இந்தச் சங்கிலி இன்னாருடையது என்று சீட்டில்லாதவர் எங்ஙனம் நிறுவுவார்? வைப்பாளரின் படியும் நிறுவனத்தின் படியும் ஒன்றையொன்று தாங்குவன. ஒன்று வீழ்ந்தால் மற்றது நொண்டுகின்றது.

முற்போக்காளர் ஒருவர் இங்கு இடைமறித்து வினவக்கூடும்: ஏழைகளுக்குப் பேரேடு என்றைக்கு நண்பனாயிருந்தது? நியாயமான வினா. 1875 மே 12ஆம் திகதி, புனே மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில், தக்காணத்து உழவர்கள் வட்டிக்காரரின் கடைகளுட் புகுந்து கடன்பத்திரங்களையும் கணக்கேடுகளையும் தேடியெடுத்து எரித்தனர். அவர்களுக்கு அந்த ஏடு அடிமைச்சாசனம். யுத்தத்தின் பின்னர் வடக்கின் பெண்களை நுண்கடன் கொம்பனிகள் வாரந்தோறும் வாசலில் நின்று வதைத்தபோது, அந்தக் கொம்பனிகளின் கணினிகள் ஒரு தவணையையும் மறக்கவில்லை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரவேண்டிய நிலை ஏற்பட்டது. கடன்காரனின் நினைவாற்றலைப் பெருக்குவதற்கா நாம் போராடவேண்டும்?

இவ்வினாவை நான் பல நாள் எண்ணியிருக்கிறேன். சூபாவின் உழவருக்கு ஏட்டில் இருந்தது கடன் மட்டுமே. இன்றைய உழைப்பாளிக்கு அதே ஏட்டில் ஊழியர் சேமலாப நிதி உண்டு, மகன் அனுப்பும் காசு உண்டு, சிறுசேமிப்பு உண்டு. மேலும், ஏடு எரிந்தாற் கடன் மறையும் என்பது 1875க்குப் பொருந்தலாம். இன்று பெரிய கடன்கொடுநரின் படி மூன்று ஊர்களில் பூட்டிக்கிடக்கின்றது. எரிந்தால் எரிவது சிறியோரின் வரவே. மறதியும் வர்க்க பேதம் பார்த்தே வருகின்றது.

இதற்குச் சான்று தேடித் தூரம் செல்லவேண்டாம். உரிமம் பெற்ற வங்கிகளுக்கு இலங்கை மத்திய வங்கி 2021இல் தொழினுட்ப ஆபத்தும் மீளெழுதலும் பற்றிய பணிப்புரையை விதித்தது. 2010இல் வைப்புக் காப்புறுதித் திட்டத்தையும் ஏற்படுத்தியது. நல்லவை. ஆனால் 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திவரும் கிராமிய வங்கிகள் இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கின்றன. அங்கு பணம் வைப்போர் யார்? தோட்டக்காரர், சீவற்றொழிலாளர், கைம்பெண்கள். பட்டணத்து வங்கியின் கண்ணாடிக் கதவைத் திறக்கக் கூசுவோர். பெட்டகமும் பூட்டும் தூரத்து நகலும் எவர்க்கு மிகவும் தேவையோ அவர்க்கு அவை இல்லை.

சிறியன ஒன்றுசேர்ந்து ஒரு பொது நிலையத்தை அமைத்தால் ஆகாதா? ஆகும், ஆயினும் அதிலும் ஒரு பொறி உண்டு. 2024 யூலை 31ஆம் திகதி இந்தியாவிலே சீ-எட்ஜ் என்னும் தொழினுட்பக் கொம்பனியைத் தீநிரல் தாக்கியபோது, அதன் சேவையையே நம்பியிருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகள், பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளும் கிராமிய வங்கிகளும், நாட்டின் பணக்கொடுப்பனவு வலையிலிருந்து ஒரே நாளில் துண்டிக்கப்பட்டன. மறுநாளே இணைப்பு மீண்டது என்பது உண்மை. எனினும், எல்லாக் கூடைகளையும் ஒரே தலையில் ஏற்றினால் கால் இடறும்போது என்னவாகும் என்பதை அந்த ஒரு நாள் காட்டிற்று. ஆகவே பொதுநிலையம் வேண்டும். அத்துடன் ஒவ்வொரு சங்கமும் தன் பேரேட்டின் படியொன்றை வலையோடு இணையாமல் தனியே வைத்திருத்தலும் வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் முத்திரையிட்ட புத்தகம் இருத்தலும் வேண்டும்.

அமெரிக்க வங்கிகள் 2015இல் ஷெல்ற்றேட் ஹாபர் என்னும் அமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு வங்கியும் இரவுதோறும் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரு பொது வடிவில் மாற்றி, மறைகுறியிட்டு, துண்டித்த பெட்டகத்தில் வைக்கின்றது. ஒரு வங்கி வீழ்ந்தால் இன்னொன்று அந்த நகலை எடுத்து மக்களுக்குக் கணக்குக் காட்ட முடியும். பகல் முழுவதும் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் முதலாளித்துவ வங்கிகள் இரவிலே கூட்டுறவு நடத்துகின்றன! மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு வைத்தியசாலை கட்டிய யாழ்ப்பாணத்தாருக்கு இது கற்கக் கடினமான பாடம் அன்று.

இன்னொன்று. ஏடு பெயர்த்தெழுதியோர் எழுதியதுடன் நின்றதில்லை. ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றொருவர் படியை ஒப்புநோக்குவார். ஒப்புநோக்காத படியிலிருந்தே பாடபேதங்கள் பெருகின. வங்கியிலும் இதுவே நியதி. நகலை எடுத்துவிட்டோம் என்னும் பச்சை விளக்கை நம்பியிருத்தல் ஆகாது; குறித்த காலந்தோறும் நகலிலிருந்து பேரேட்டை வேறொரு கணினியில் முழுதும் எழுப்பி, மூலத்துடன் தொகைக்குத் தொகை ஒப்பிடல் வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல், ஒப்பிடாத சுவடியைப் போன்றதே. பெரும்பணம் வேண்டாத பகுதி இது; பொறுமையும் ஒழுங்குமே வேண்டும். சிறு சங்கமொன்று இதனை இரு ஊழியரைக் கொண்டே செய்யலாம்.

நான் உறுப்பினராயுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இவ்வாண்டு ஒரு கேள்வி கேட்டேன்: நமது கணக்குகள் உள்ள கணினி பழுதானால் என்ன செய்வீர்கள்? மேடையில் சிறிது நேரம் அமைதி. பின்னர், நாள்தோறும் பென்ரைவில் பதிவதாகப் பதில் வந்தது. அந்தப் பென்ரைவ் எங்கே என்று கேட்டேன். கணினியிற் செருகியபடியே இருக்கிறது என்றார்கள். எவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மாத்திரம் எழுந்து, “அப்ப வீடு எரிஞ்சால் திறப்பும் உள்ளுக்கைதானே” என்றார்.

மூன்று தீர்மானங்களை எழுதியிருக்கிறேன். வாரம் ஒருமுறை எடுக்கும் படியொன்று வேறொரு கிராமத்துக் கிளையின் இரும்புப் பெட்டியில் வைக்கப்படல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அப்படியிலிருந்து கணக்குகளை மீட்டு உறுப்பினர் இருவர் முன்னிலையில் ஒப்புநோக்கல் வேண்டும். உறுப்பினரின் கைப்புத்தகத்தை எக்காரணங்கொண்டும் நிறுத்தலாகாது. அடுத்த கூட்டம் தைமாதத்தில். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய அந்த முதியவரைக் கேட்டிருக்கிறேன். தன் புத்தகத்தையும் கொண்டுவருவதாகச் சொன்னார்.